வலகடியன் போட்ட வளையல்

இந்தாடி, இப்படி வந்து படு. தலகாணிய என் பக்கம் தள்ளு. அந்த வளையலக் கழட்டி வைக்கிறியா? மாட்டியா? சரி, போட்டுக்க. ஒங்கம்மா வளையல் ஒனக்கு முழங்கைக்கு மேல ஏறிக் கெடக்கு. நீ பொரண்டா ஜல்லு ஜல்லுங்குது, அதான் கேட்டேன். ஆஸ்பத்திரியில கழட்டச் சொன்னதும் ஒங்கம்மா வேற யாரையும் தேடல, ஒன் கையிலதானே போட்டுட்டுப் போனா? அப்ப நீதான் பத்திரமா வச்சிருக்கணும். அழாத. பெரியம்மா ஒரு கதை சொல்றேன். ஆனா 'ம்' கொட்டணும். 'ம்' நின்னா கதையும் நின்னுடும்.

"ம்."

ஒரு ஊர்ல, ஆறு வந்து கடல்ல விழுற எடத்துல, ஒரு மாமியாரும் ஒரு மருமகளும் இருந்தாங்க. மாமியா பேரு செடலாயி. மருமக பேரு பூவாயி. செடலாயிக்கு வாய் பெருசு. கரையில நின்னு மகனக் கூப்புட்டான்னா நடுக்கடல்ல போற படகெல்லாம் திரும்பிப் பாக்கும். பூவாயிக்கு வாயே கெடையாது.

"சாப்புட எப்படி?"

போடி! பல்லு நாக்கு எல்லாம் இருக்கு, பேசத்தான் மாட்டா. அவ கடக்கரைக்காரி இல்ல, வயக்காட்டு ஊருக்காரி. செடலாயி மகன் வைரக்கண்ணு கருவாடு விக்க அந்த ஊரு சந்தைக்குப் போவான். போனவன் கருவாட்ட வித்துட்டு சும்மா வரல, இவளக் கட்டிக்கிட்டு வந்துட்டான். பூவாயிக்கு அம்மா இல்ல, அப்பா இல்ல, ஒரே ஒரு அண்ணன். அந்த அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா? 'மீன் நாத்தம் புடிச்ச வீட்டுக்குப் போயிட்ட, இனிமே எனக்குத் தங்கச்சியே இல்ல'ன்னுட்டான்.

"கெட்ட அண்ணன்."

ம். அப்புறம் பூவாயி மாசமானா. வயிறு நல்லாப் பெருசாச்சு, ஒங்கம்மாவுக்கு இருந்துச்சுல்ல, அந்த மாதிரி. அப்போ வளைகாப்பு போடணும். அம்மா வீட்டுக்காரங்க பலவிதமா சோறு கட்டிக்கிட்டு, கூடையில கண்ணாடி வளையல் கொண்டாந்து, ரெண்டு கையிலயும் நெறைய அடுக்கி, தலப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைச்சிக்கிட்டுப் போவாங்க. பூவாயி தெனமும் வாசல்ல நின்னு பாத்தா. அண்ணன் வரவே இல்ல. 'நாமளே போட்டுடலாமே'ன்னு வைரக்கண்ணு கேட்டான். செடலாயி ஒத்துக்கல. 'தாய்வீட்டுல வந்து போடுறதுதான் மொற. நாம போட்டா ஊரு சிரிக்கும்'னு கத்திட்டா. பூவாயிக்கு வளையல் ஆசையில்லடி. புள்ள வலி வந்தா, கையப் புடிச்சுக்க ஒருத்தரும் இல்லயேன்னு பயம். அந்தப் பயத்த யாருகிட்டயும் சொல்லாம முழுங்கி முழுங்கி வச்சிருந்தா.

"ம்."

அப்புறம் ஒரு நா காலையில கரவலை இழுத்தாங்க. ஊரே நின்னு 'ஏலோ... ஏலேலோ'ன்னு கயிறு இழுக்குது. வலையோட கடைசியில பெரிய பை மாதிரி இருக்கும், மீனெல்லாம் அதுலதான் சேரும், அதுக்கு மடின்னு பேரு. மடியப் பிரிச்சாங்க பாரு, மத்தி துள்ளுது, காரப்பொடி துள்ளுது, கெளுத்தி மீசைய ஆட்டுது, சளசளசளன்னு ஒரே சத்தம். அதுக்கு நடுவுல நெளு நெளுன்னு ஒண்ணு. 'ஐயோ, வலகடியன்டா!'ன்னு எல்லாரும் எட்டிக் குதிச்சாங்க. ஒருத்தன் வாலப் புடிச்சு விர்ர்ருனு வீசினான். வழக்கம் என்னன்னா, பாம்பு வந்தா கடல் பக்கமா வீசிடணும், அது பாட்டுக்குப் போயிடும். அவனுக்குப் பயத்துல கையும் ஓடல, காலும் ஓடல, கர பக்கமா வீசிட்டான். தொப்! தாழம்பொதருக்கு அந்தாண்ட போயி விழுந்துச்சு. அப்புறம் யாரு அதத் தேடுறா? மீனப் பிரிக்கப் போயிட்டாங்க.

"பெரிம்மா, வலகடியன்னா?"

கடல் பாம்புடி. வலையக் கடிக்குதுன்னு பேரு வச்சுட்டாங்க. அது பாவம், வலைக்குள்ள கெடக்குற கெளுத்தியக் கடிக்க வந்து மாட்டிக்கும். மேல சாம்ப நெறம், அடியில வெள்ள, ஒடம்பு பூரா மங்கலா பட்ட பட்டயா இருக்கும். மூக்கு மட்டும் கிளி மூக்கு மாதிரி கீழ வளைஞ்சிருக்கும். அந்த மூக்குக்கு மூடி உண்டு. தண்ணிக்குள்ள போனா டப்புனு மூடிக்கும், மேல வந்தா தொறந்து ஹாஆன்னு மூச்சு வாங்கும். மீன் மாதிரி தண்ணியிலயே மூச்சு விட்டுக்கிட்டு இருக்க அதால முடியாது, நம்மள மாதிரி காத்து வேணும். வால் இருக்கே, அது கயிறு மாதிரி இருக்காது. துடுப்பு மாதிரி தட்டையா இருக்கும்.

"கடிக்குமா?"

வம்புக்குப் போனா கடிக்கும். கடிச்சா எறும்பு கடிச்ச அளவு கூட வலிக்காதாம். ஆனா கொஞ்ச நேரத்துல ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி ஆயி, கை காலு வெறச்சு, ஆளு பொழைக்கிறதே பெரும்பாடு. அவ்வளவு வெஷம். அதனால கரையில எங்க பாத்தாலும், செத்துக் கெடக்குற மாதிரியே இருந்தாலும், நீ என்ன பண்ணணும்?

"ஓடி வந்து ஒங்கிட்ட சொல்லணும்."

என் தங்கம். அப்போ, பூவாயி சுள்ளி பொறுக்க தாழம்பொதரு பக்கம் வந்தாளா? பாம்பு மணல்ல கெடக்கு. அவ ஊர்ல பாம்புன்னா புத்துல இருக்கும், பால் ஊத்திக் கும்புடுவாங்க. இவளுக்குக் கடல் பாம்புன்னு ஒண்ணு உண்டுன்னே தெரியாது. 'தாயே! கும்புடாம விட்டுட்டேன்னு என்னத் தேடி வந்துட்டியா?'ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டா. ஒரே ஓட்டமா வீட்டுக்கு ஓடி, கொட்டாங்கச்சியில பால் கொண்டாந்து முன்னால வச்சா.

பாம்பு நாக்க நீட்டிச்சு. சளக். 'த்தூ! இது என்னாடி?'

'பாலு தாயே.'

'எனக்கு எதுக்குப் பாலு? நான் கெளுத்திய முள்ளோட முழுங்குறவ. என்னய வீட்டுல கொண்டு போயி விடுடி, வெயிலு ஏறுது.'

வீடுன்னதும் பூவாயிக்கு ஒரே சந்தோசம். வீடுதானே, எனக்குத் தெரியுமேன்னு, சுள்ளி அள்ளக் கொண்டாந்த மீன் கூடையச் சாய்ச்சு வச்சு, பன மட்டையால மெதுவாத் தள்ளி உள்ள ஏத்தினா. கையால தொடல, அந்தப் புத்தி இருந்துச்சு. அப்புறம் பனங்காட்டுல இருந்த பெரிய புத்துகிட்ட கொண்டு போயி எறக்கி விட்டா. 'போ தாயே, வீடு வந்துடுச்சு.'

பாம்பு போகணுமே? தப்பு தப்புனு வால அடிச்சுது. நெளிஞ்சுது. கெடந்த எடத்துலயே கெடந்துச்சு. ஏன்னு சொல்லு?

"தெரியல."

நல்ல பாம்புக்கு வயித்துல அகலமா செதில் இருக்கும், அதால தரையப் பத்திக்கிட்டு சரசரன்னு போயிடும். இதுக்கு அந்தச் செதில் கெடையாது, தண்ணியிலயே இருக்குறதுக்கு அது எதுக்கு? கடல்ல விட்டா சல்லுனு போவும், தரையில விட்டா மூட்ட மாதிரி கெடக்கும். அதுக்குள்ள எறும்பு வேற சுறுசுறுன்னு ஏறுது. பாம்பு அழுதுச்சு. 'அடிப் பாவி, என்னயத் தூக்குடி'ன்னு அழுதுச்சு. பூவாயி மறுபடி கூடையில ஏத்தி, பொதரு நெழல்ல வச்சுட்டு, அது தலைக்கு மேல குனிஞ்சு உக்காந்துட்டா. அவளுக்கும் அழுக வந்துடுச்சு. நல்லது செய்யத்தான் நெனக்கிறா, எல்லாம் தப்பாப் போவுது.

"ம்... அப்புறம்?"

அப்புறம் பாம்பு, 'தொண்ட வறளுது, தண்ணி குடு'ன்னு கேட்டுச்சு. கடல்ல இருக்குறதாச்சேன்னு இவ குடுகுடுன்னு ஓடி ரெண்டு கையிலயும் கடல் தண்ணி மொண்டு வந்து கூடையில விட்டா. பாம்பு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. 'இத எப்படிடி குடிப்பேன்? உப்பு!'

'நீ கடல்லதானே இருக்க?'

'நீயும் கரையிலதானே இருக்க, மணலையா திங்கிற?' அப்படின்னு கேட்டுச்சு. 'வாயில ஏறுற உப்பையே நாக்குக்கு அடியில ஒரு பையில சேத்துத் துப்பிக்கிட்டு இருக்கேன். மழ பேஞ்சா கடல் மேல நல்ல தண்ணி கொஞ்ச நேரம் மெதக்கும், அதுதான் நாங்க குடிக்கிறது. இல்லன்னா இப்படி ஆத்து வாய்ப் பக்கம் வருவோம்.'

பூவாயி, தான் குடிக்க வச்சிருந்த தூக்குவாளித் தண்ணிய மெதுவாச் சாய்ச்சா. மொடக் மொடக் மொடக். கண்ண மூடிக்கிட்டு குடிச்சுது பாரு. குடிச்சிட்டு சொல்லிச்சு, 'ஒனக்கு ஒண்ணும் தெரியல, ஆனா நல்லவடி. நான் புள்ளத்தாச்சி. நாட்டுப் பாம்பு மாதிரி முட்டை வச்சுட்டுப் போறவ இல்ல, வயித்துல சொமந்து குட்டியாப் பெத்துப் போடுவேன். ஆத்து வாயில, அலையாத்தி மரத்து வேருக்குள்ள போயிப் பெறணும். எங்கம்மா என்னய அங்கதான் பெத்தா. தாய்வீட்டுக்குப் போற வழியிலதான் வலையில மாட்டிக்கிட்டேன். இன்னும் கொஞ்சம் வெயிலேறினா நானும் இல்ல, என் வயித்துல இருக்குறதுங்களும் இல்ல.'

பூவாயி எழுந்துட்டா. வயித்துல கைய வச்சுக்கிட்டு எழுந்துட்டா. 'நான் அழைச்சிக்கிட்டுப் போறேன்'னு சொன்னா. அவளக் கூட்டிப் போக யாரும் வரலல்ல? அதுவும் இப்படி நின்னுடக் கூடாதுன்னு அவளுக்குத் தோணிச்சு.

கூடையத் தூக்கப் போறா, தொம் தொம் தொம்முனு செடலாயி வரா, கையில தடிக்கொம்பு! மருமகளக் காணோமேன்னு தேடி வந்தவ கூடைக்குள்ள எட்டிப் பாத்தா. 'அடியே, வலகடியன்டி! நவுருடி!'ன்னு கொம்ப ஓங்கிட்டா. அப்போ பூவாயி குறுக்க விழுந்து கத்தினா பாரு ஒரு கத்து, 'அடிக்காதீங்க அத்தே! புள்ளத்தாச்சி!'

நடுக்கடல்ல போன படகெல்லாம் திரும்பிப் பாத்துச்சு.

"ஹி ஹி."

சிரிக்கிறியா? செடலாயி அசந்து போயிட்டா. இவளுக்கு இவ்வளவு வாய் இருக்கான்னு. கொம்பு எறங்கிச்சு. கூடையப் பாத்தா, மருமக வயித்தப் பாத்தா. புள்ளத்தாச்சிய அடிக்குற கை வெளங்குமா? 'எங்க போவணுமாம் இவளுக்கு?'ன்னு வெடுக்குனு கேட்டா. 'ஆத்து வாயிக்கு அத்தே.' 'மாசமா இருக்குறவ பாரம் தூக்கலாமாடி? குடு இப்படி!' கூடையப் புடுங்கித் தன் தலையில வச்சுக்கிட்டா. 'மகனுக்குக் கஞ்சி வைக்க நேரமில்ல, பாம்பு சொமக்குறேன். எந்தப் பொறப்புல யாருக்கு என்ன பண்ணித் தொலச்சனோ'ன்னு திட்டிக்கிட்டே நடந்தா. தலை மேல அவ்வளவு வெஷம் இருக்கு, அவ திட்டுறத நிறுத்தல. ஆனா நட மட்டும் கூடை குலுங்காம மெதுவா நடந்தா.

"ம்."

அப்புறம் ஆத்து வாய் வந்துச்சு. அலையாத்தி வேரெல்லாம் தண்ணிக்குள்ள பின்னிக் கெடக்கு. பூவாயி முட்டித் தண்ணியில எறங்கி, விழாம இருக்க வேரப் புடிச்சுக்கிட்டு குனிஞ்சு நின்னா. செடலாயி கூடையத் தண்ணியில சாய்ச்சா. சலுக்! பாம்பு உள்ள போச்சு. மூட்ட மாதிரி கெடந்ததா அது? பட்டுத் துணிய ஒதறின மாதிரி ஒரு சொழட்டு. மேல வந்து மூக்குத் தொறந்து ஹாஆ... மறுபடி உள்ள.

கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் ப்ளுக்! ஒரு குட்டி. ப்ளுக்! இன்னொண்ணு. ப்ளுக், ப்ளுக், ப்ளுக்! பொறந்ததும் ஒவ்வொண்ணும் விறுவிறுன்னு மேல வந்து மொத மூச்சு வாங்குது. அம்மா மேல பட்ட மங்கலுன்னு சொன்னேன்ல? குட்டிங்களுக்குப் புதுசாச்சே, வெள்ளையில கன்னங்கரேல்னு பட்ட, பளிச்சுனு.

அப்போ பாத்து கடல் வத்த ஆரம்பிச்சுது. ஆத்துத் தண்ணி ஓஓஓன்னு கடலப் பாத்து இழுக்குது. பச்சக் குட்டிங்க, தம்மாத்துண்டு, எதையாவது புடிச்சுக்கணுமே? வேருன்னு நெனச்சு பூவாயி கையச் சுத்திக்கிச்சு.

"ஐயோ!"

ஆமாடி. வலது கையில ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு, இன்னும் ஒண்ணு. எடது கையிலயும் அதே மாதிரி. கறுப்பும் வெள்ளையுமா, மணிக்கட்டுலேருந்து அடுக்கி வச்ச மாதிரி. பொறக்குறப்பவே அதுங்க பல்லுல வெஷம் உண்டு. கைய ஒதறினா கடிச்சிடும். ஒதறலன்னா தண்ணி இவளயே இழுத்துத் தள்ளிடும். வயித்துல புள்ள வேற.

அப்போ பின்னாலேருந்து ரெண்டு கை வந்து அவ இடுப்பச் சுத்தி இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. செடலாயி. தண்ணிக்குள்ள எறங்கி, காலச் சேத்துல ஊணிக்கிட்டு, மருமகளத் தன்மேல சாய்ச்சுக்கிட்டா. அந்த வாய்க்காரி, பொறந்தது முதக்கொண்டு மெதுவாவே பேசாதவ, அவ காதுல முணுமுணுன்னு சொன்னா. 'அசையாத கண்ணு. நான் புடிச்சிருக்கேன். அசையாத.'

ரெண்டு பேரும் அப்படியே நின்னாங்க. கொக்கு வந்து பக்கத்துல உக்காந்துச்சு, மரம்னு நெனச்சுக்கிட்டு. தண்ணி இழுத்து இழுத்து, அப்புறம் இழுப்புக் கொறஞ்சுது. அப்போ ஒண்ணு கையிலேருந்து அவுந்து, துடுப்பு வால ஆட்டிக்கிட்டு சுளுக்குனு வேருக்குள்ள போச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் எல்லாம். ஒண்ணு கூட வாயத் தொறக்கல. பூவாயி கை பழையபடி மூளியாச்சு.

செடலாயி பாத்துக்கிட்டே இருந்தா. கண்ணுல தண்ணி கொட்டுது. 'நேத்துக்கூட ஒங்கண்ணன் வந்தாத்தான் மொறன்னு பேசினேன்டி. பாம்புக் குட்டிங்க வந்து ஒனக்கு வளையல் போட்டுட்டுப் போவுது, நான் பாத்துக்கிட்டு நிக்குறேன்'னு சொல்லிக்கிட்டே, தன் கையில இருந்த கண்ணாடி வளையல அங்கயே, அந்தத் தண்ணியிலயே நனைச்சு நனைச்சுக் கழட்டினா. ஒவ்வொண்ணா மருமக கையில ஏத்தினா. ஜல். ஜல். ஜல். 'தாய்வீடு எங்கன்னு இனிமே வாசலப் பாக்காத. நான் இருக்கேன்.'

அப்புறம் பூவாயிக்கு வலி வந்தப்ப செடலாயி கையத்தான் புடிச்சுக்கிட்டா. புடிச்ச புடியில மாமியா வெரல் வீங்கிப் போச்சாம். அத ஊரு பூரா சொல்லிச் சொல்லிக் காட்டினா செடலாயி. பொறந்தது பொண்ணு. அது வாயி யாரு வாயின்னு கேக்காத, அழுதா படகெல்லாம் திரும்பிச்சு.

"பெரிம்மா..."

என்னடா?

"அம்மாப் பாம்பு எங்க போச்சு?"

அதுவா. பெத்ததும் அது போயிடும் கண்ணு. குட்டிங்களுக்குப் பொறக்கும்போதே நீந்தத் தெரியும், மூச்சு வாங்கத் தெரியும். அதனால அம்மா கூட இருக்காது.

"திரும்ப வராதா?"

பாம்பு வராது. அதுக்கு அவ்வளவுதான் தெரியும். ஒங்கம்மா பாம்பா? ஒனக்குச் சடை பின்னத் தெரியுமா, சோத்தப் பெசையத் தெரியுமா, ஒண்ணும் தெரியாது. ஒன்ன விட்டுட்டு அவ எப்படி இருப்பா? தம்பி பொறந்ததும் அவ கேட்ட மொத வார்த்தையே 'புள்ள சாப்புட்டாளா'ன்னுதான். ஒங்கப்பா போன்ல சொன்னாரு. தம்பி நல்லா இருக்கான், அவ நல்லா இருக்கா. காலையில நாம ரெண்டு பேரும் போறோம்.

"வளையல..."

ம்?

"வளையல நாந்தான் அம்மாக்குப் போடுவேன். தண்ணில நனச்சு."

நீயேதான் போடுவ. ஒவ்வொண்ணா போடுவ. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு மட்டும் இருப்பேன். இப்ப கண்ண மூடு. இந்தக் கைய என் மேல போட்டுக்க, வளையல் குத்துனா குத்தட்டும்.

ம் கொட்டு.

ம் கொட்டலயா? வளையல் சத்தத்தையும் காணோம்.

சரி. பாம்பு வேருக்குள்ள போச்சு, கதை கரையேறிச்சு. தூங்கு கண்ணு, தூங்கு.